விண்கலத்துக் குறையுடை மாந்தர்: எள்ளலும் இளிவும்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நிலைக்களன் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தனர். அதனை அடுத்து வரும் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன நிலைக்களன் ஆகின்றன. எள்ளலும் இளிவும் இங்ஙனம் வெவ்வேறு மெய்ப்பாட்டின்கண் வைக்கப்பெற்றிருப்பினும், ஒரே நிகழ்ச்சியை எள்ளுவான் பக்கத்தும் எள்ளப்படுவான் பக்கத்தும் நின்று நோக்கிய பெயர்களாக அவற்றைக் கொள்ளுதற்கு இடமுண்டு. இதனை விளக்க, ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றனை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். விண்வெளிக் கதை தமிழாராய்ச்சிக்கு ஏலாது என்பார் உளர். மெய்ப்பாட்டியல் மாந்தரைப் பற்றியதாதலின், மாந்தர் உள்ள இடமெல்லாம் அதற்கு வேலை உண்டு என்பது எம் கருத்து.

1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் விண்கலத்தார் பெரும்பாலும் தத்தம் தொழிலில் வல்லுநர். இடையூறு பெரிதும் புறத்தேயிருந்து வரும். 1974-இல் வெளிவந்த 'டார்க் ஸ்டார்' என்னும் திரைப்படத்தில் நெடும்பயணத்தாற் சலிப்புற்ற கலத்தாரைக் காண்கின்றோம். ராப் கிராண்ட், டக் நெய்லர் என்னும் இருவர் படைத்து, 1988 பிப்ரவரி 15-ஆம் நாள் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய 'ரெட் டுவார்ஃப்' இவ்வழியில் மேலும் சென்றது. அது சுரங்கத் தொழிலுக்குரிய ஒரு கலத்தின் பெயர். அதன் ஊழியருள் கடைநிலையினனாகிய லிஸ்டர், விதியை மீறிப் பூனை ஒன்றை மறைத்து வைத்தமையால், காலம் ஓடாத அறையில் அடைக்கப்படுகின்றான். அந்நிலையிற் கதிரியக்கக் கசிவு நேர்ந்து ஏனையோர் மாய்கின்றனர். முப்பது இலட்சம் ஆண்டு கழிந்தபின் கலத்தின் கணிப்பொறி அவனை வெளிவிடுகின்றது. அவனுக்கு எஞ்சிய துணை, அவனுக்கு ஒருபடி மேலதிகாரியாய் இருந்து இறந்த ரிம்மரின் ஒளியுருவமும், அப்பூனையின் வழிவழி வந்து மனிதவடிவு பெற்ற ஓர் உயிருமே. கிரைட்டன் என்னும் ஏவற்பொறியன் பின்னர் வந்து சேர்கின்றான்.

இத்தொடரின் உலகில் வேற்றுக்கோளினர் இலர். எதிர்ப்படும் கொடிய உயிர்களும் மனிதனிடமிருந்தோ அவன் ஆக்கத்திலிருந்தோ தோன்றியனவே. ஆகவே, கதையை நடத்தும் ஆற்றல் பெரிதும் மாந்தரின் குறையிலிருந்தே பிறத்தல் வேண்டும்.

கணிப்பொறியாகிய ஹாலி தன் அறிவு அளவீடு 6000 என்று கூறிக்கொண்டு தடுமாறுதல் பேதைமை. தன் உடையழகிலேயே தோயும் பூனையின் நிலை இளமை. கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாமையே மடன் என்று உரைமரபு கூறும். கிரைட்டன் இதற்கு நல்ல இலக்கியம். விபத்துக்குள்ளான கலத்தில் மூவர் இறந்து எலும்புக்கூடாகிய பின்னும், இறந்தமை உணராது அவர்க்கு உணவு படைத்துப் பணிசெய்து கொண்டிருக்கின்றான் அவன். காண்பார் நகைப்பர்; நகைத்த சிறிது நேரத்திற்குள் நெஞ்சு கனக்கும்.

குறைகளை நீக்கினால் இம்மாந்தர் சிறப்பரோ எனின், அதற்கும் இத்தொடரே விடை தருகின்றது. 1989-இல் வந்த 'பாலிமார்ஃப்' என்னும் பகுதியில், உணர்ச்சிகளை உறிஞ்சி வாழும் செயற்கை உயிர் ஒன்று லிஸ்டரின் அச்சத்தையும், பூனையின் தற்செருக்கையும், ரிம்மரின் சினத்தையும், கிரைட்டனின் குற்றவுணர்வையும் கவர்ந்துகொள்கின்றது. உடனே அச்சமற்றவன் சாவை நோக்கிப் பாய்கின்றான். செருக்கற்ற பூனை அழுக்குடையிற் குடித்துக் கிடக்கின்றது. சினமற்றவன் அவ்வுயிருக்கெதிரே துண்டறிக்கை வழங்கலாம் என்கின்றான். குற்றவுணர்வற்றவன் தன்னலமே கருதுகின்றான். குறை என்று யாம் நகைத்தவை இவர்களை உயிரோடு வைத்திருந்தவை என்பது அப்போது புலனாகும்.

இனி ரிம்மரைப் பார்ப்போம். முதல் வரிசையின் இறுதிப் பகுதி 1988-இல் ஒளிபரப்பாயிற்று. அவன் உயிர் பிரியுங்கால் சொன்ன சொல் 'கஸ்பாச்சோ சூப்' என்பதை அறிந்த லிஸ்டர், அதன் பொருளை அறிய விழைகின்றான். கலத்தலைவரோடு உடனுண்ணும் பேறு ரிம்மருக்கு ஒருமுறை கிட்டியது. முதலில் வந்த சூப் குளிர்ந்திருப்பதைக் கண்டு, சமையற்காரனிடம் சொல்லிச் சூடாக்கித் தருவித்தான். அது குளிர்ந்த நிலையில் உண்ணற்குரிய இசுப்பானிய உணவு என்பதை அவன் அறியான். அதிகாரிகள் நகைத்தபோது, சமையற்காரனை நோக்கி நகைக்கின்றனர் என்று எண்ணித் தானும் நகைத்தான். தன் உயர்வு அன்றோடு அழிந்தது என்பது அவன் நம்பிக்கை. இதனை அவன் கூறும்பொழுது, அவையோர் எள்ளல் நம் காதிலும், அவன் இளிவு நம் கண்ணிலும் ஒருங்கே நிற்கின்றன.

1991-இல் வந்த 'ஜஸ்டிஸ்' என்னும் பகுதி இதனினும் கூரியது. தான் செப்பமாகப் பழுது நீக்காத தகடு ஒன்றே கதிரியக்கக் கசிவிற்குக் காரணம் என்னும் நினைவு ரிம்மரின் உள்ளத்தே கிடக்கின்றது. உள்ளத்தை ஆயும் பொறி அதனைக் கண்டு, 1,167 பேரைக் கொன்றான் என்று தீர்க்கின்றது. அவனுக்காக வழக்குரைக்கும் கிரைட்டன், இத்தகைய சிறியோனிடம் எவரும் பெரும்பொறுப்பு ஒப்படைத்திரார் என்று வாதிடுகின்றான். விடுதலைக்கு வழி அதுவே. ஆயினும், தன் வழக்கறிஞர் வாதத்திற்கே ரிம்மர் மறுப்புத் தெரிவிக்கின்றான்! கொலையாளி என்னும் பெயரினும் சிறியோன் என்னும் பெயர் அவனுக்குக் கொடிதாக இருக்கின்றது.

எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர், பிறரை எள்ளித் தான் நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்தினர். இரண்டாவதனை யாம் முன்னர்ப் பெரிதாகக் கருதியதில்லை. லிஸ்டருக்கு அந்நகை இயல்பாக அமைந்துள்ளது; தன் அழுக்கையும் சோம்பலையும் பிறர் இகழும்போது அவனும் உடன் நகைப்பான். ரிம்மரும் அவ்விருந்தில் நகைத்தான். ஆனால் எள்ளப்பட்டவன் தான் என்பதை அறியாமல் நகைத்தான். அறிந்த பின் அவனால் நகைக்க முடியவில்லை.