ஞானஸ்நானமும் ஜாதிச் சான்றிதழும்

இன்னாருடைய குழந்தைக்கு இன்ன தேதியில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று ஆலயப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி ஆயர் கையெழுத்திடுவார். அந்த ஒரு வரி கோர்ட்டுப் படி ஏறும் என்று அவர் நினைத்திருப்பாரா? நம் இடுக்கி மலையில் அது நடந்தது.

கிறிஸ்தவ சபைகள் கைக்கொள்ளும் திருச்சடங்குகளின் எண்ணிக்கை ஒன்றுபோல் இல்லை. கத்தோலிக்கர் ஏழு அருட்சாதனங்கள் என்பர். சி.எஸ்.ஐ. சபையாரோ இயேசுவே ஏற்படுத்தியவை ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டே என்பர். பெந்தெகொஸ்தே சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதில்லை. விசுவாசித்தவர் தாமே விரும்பிக் கேட்டு, தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். இரட்சணிய சேனையார் இந்த இரண்டையுமே அனுசரிப்பதில்லை; வாழ்ந்து காட்டுவதே சாட்சி என்பது அவர்கள் கொள்கை.

ஞானஸ்நானம் வாசல் என்றால், திருவிருந்து வீட்டுக்குள் நடக்கும் பந்தி. கொழுந்து கிள்ளும் பெண்ணும் கங்காணியும் ஒரே வரிசையில் முழங்காலிட்டு ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறார்கள்.

இந்தச் சமபந்தி சுலபமாக வந்ததல்ல. 1833-ம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்து விலகினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் ஜாதி பிரித்து எழுந்த சுவர், பிற்காலத்தில் போராட்டங்களுக்கே காரணமாயிற்று.

ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துக்களே ஷெட்யூல்டு வகுப்பினராக முடியும். 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை.

தேவிகுளம் தனித் தொகுதி. 2021-ம் ஆண்டு தேர்தலில் அங்கு வென்ற ஏ. ராஜா கிறிஸ்தவர் என்று, தோற்ற வேட்பாளர் டி. குமார் வழக்குத் தொடர்ந்தார். ராஜாவின் பெற்றோர் குண்டளை சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பது அவரது வாதம். ஆலயப் பதிவேடுகளும் கல்யாணப் படங்களும் சாட்சியங்களாயின. 2023 மார்ச் 20-ந் தேதி கேரள ஐகோர்ட்டு தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து, தேர்தல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கிடையே 2024 நவம்பரில், புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காக ஷெட்யூல்டு வகுப்புச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் ஒரு சான்றாயிற்று. அவருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

மதம் மாறிய தாழ்த்தப்பட்டோர் பற்றி ஆராய, கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022-ல் கமிஷன் அமைத்தது. கேரள அரசு வேலைகளில் அவர்களுக்கு 1 சதவீத ஒதுக்கீடு உண்டு. தனித் தொகுதியில் நிற்க அது உதவாது.

நம் எஸ்டேட் லயங்களில் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் எண்ணி, ஞானஸ்நானத்துக்குத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. முழுகி எழுந்தவனிடம் ஊரும், சில இடங்களில் சபையும் பழைய ஜாதியையே இன்னும் கேட்கின்றன. சட்டம் மட்டும், ஜாதியின் பேரால் அவனுக்கு வந்த சலுகை போய்விட்டது என்கிறது.

ஞானஸ்நானம் பெறுவதா, வேண்டாமா என்பதை ஒருவன் தன் மனச்சாட்சியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தாலுகா ஆபீசைக் கேட்டு அல்ல.