உங்களுக்குத் தெரியுமா? கோப்பு எந்தக் காம்பராவில்?

ஹாலிஎல தோட்டமொன்றில் சொந்தக்காரர் குடியிருப்பைத் தேடிக் கதவு கதவாகத் தட்டலாம். “மேல் லயத்தில் மூன்றாவதிலிருந்து வரிசையாக ஆறு காம்பரா” என்று ஒரே மூச்சில் கேட்டும் அறியலாம். லினக்ஸில் ஒரு கோப்பு வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று காட்டிய பழைய ‘ஃபிப்மேப்’ கதவு தட்டும் ரகம். அழைப்புக்கு ஒரு கட்டம்தான், அதற்கும் நிர்வாகி அதிகாரம் வேண்டும். 4 கிலோபைட் கட்டங்களில் 1 ஜிகாபைட் படம் என்றால் 262,144 கேள்விகள்!

2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28இல் ‘ஃபைமேப்’ சேர்ந்தது. தொடர்ச்சியாகக் கிடக்கும் கட்டங்களுக்கு ஒரே பதில். அதன் தலைப்புக் கோப்பில் கல்பக் ஷா, ஆண்ட்ரியாஸ் டில்கர் பெயர்கள் உள்ளன.

சிக்கல் பிறகுதான். 2011இல் நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளை இந்தப் பதிலை அப்படியே நம்பத் தொடங்கியது. நினைவகத்தில் இருந்தும் வட்டில் இன்னும் இடம் ஒதுக்கப்படாத தரவை வெற்றிடமென்று எண்ணி, சில நகல்களில் பூச்சியங்களை நிரப்பிவிட்டது. வரைபடம் பார்ப்பதற்கு, நகலெடுப்பதற்கு அல்ல! ‘சிபி’ அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பின், 2021இல் வெளியான 9.0 பதிப்பு இந்த வழியைக் கைவிட்டது.

இதற்கிடையே 2020இல், ரித்தேஷ் ஹர்ஜானியின் திருத்தங்களால் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் சொந்த ஃபைமேப் நிரலை விட்டு, பொதுவான ‘ஐயோமேப்’ அமைப்புக்கு மாறியது. ஃபைமேப்பிடம் கேட்டு, உங்கள் கோப்பு எத்தனை துண்டென்று ‘ஃபைல்ஃப்ராக்’ கட்டளை சொல்லும்.