கர்ணனுக்கு ஒரு கவசம்

பள்ளியிலிருந்து "ஆண்டு விழா நாடகம், உடை பெற்றோர் பொறுப்பு" என்று ஒரு துண்டுத்தாள் வீட்டுக்கு வந்துவிட்டால், அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவது அந்தப் பிள்ளை மட்டும்தான். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். பாரதியார் என்றால் ஒரு கறுப்புக் கோட்டும் முண்டாசும் மீசையும் போதும். ஔவையார் என்றால் பாட்டியின் வெள்ளைச் சேலை இருக்கிறது. மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேரனோ, "தாத்தா, நான்தான் கர்ணன்!" என்று வந்து நின்றான்.

இந்திரன் வேதியர் வேடத்தில் வந்து யாசிக்க, கர்ணன் பிறவியிலேயே தன் உடலோடு ஒட்டியிருந்த கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுக்கிறானே, அந்தக் காட்சி. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தில் சிவாஜியைப் பார்த்தவர்களுக்குக் கவசம் எப்படி மின்ன வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ? மருமகள் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்கதான் தோட்டத்துல நாடகமெல்லாம் போட்டவங்களாச்சே" என்றாள்.

போட்டவன்தான். கோயில் திருவிழா நாடகத்துக்கு பிஸ்கட்டுத் தகரத்தை வெட்டித் தட்டிச் செய்த கவசத்தைச் சிறு வயதில் அணிந்திருக்கிறேன். அக்குளில் அது கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டு "தகரம் வேண்டாம்" என்று அட்டையும் ஜிகினாத் தாளும் ஒட்டிச் செய்தார்கள். வேர்வையில் அட்டை ஊறி, பாதி நாடகத்திலேயே கவசம் மார்பை விட்டு வயிற்றுக்கு இறங்கிவிட்டது!

இப்போது அந்தக் கவலை இல்லை. ஃபோம் இருக்கிறது. மெத்தைக்குள் வைக்கும் பஞ்சு போன்றதல்ல நான் சொல்வது. சிறு பிள்ளைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் வண்ணப் பாய் இருக்கிறதே, அது. இலேசான செருப்புகளின் அடிப்பாகமும் பெரும்பாலும் இதே சரக்குதான். ஈ.வி.ஏ. ஃபோம் என்பார்கள், எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது முழுப்பெயர். பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதைத் தொட்டதும் ரப்பர் என்றே தோன்றும். ஆனால் மரத்துப் பாலுக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. இது ஆலையில் இரசாயனத்தால் செய்யப்படும் பிளாஸ்டிக் வகை. உள்ளே கோடிக்கணக்கான மூடிய குமிழ்கள் இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, எடையும் இல்லை. கவசத்தின் உடம்புக்கு 10 மில்லிமீட்டர் கனமுள்ள பாயும், பூவேலைக்கும் குண்டலத்துக்கும் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் தாளும் வாங்கினால் போதும்.

வாங்கியதும் கத்தியைத் தூக்காதீர்கள். அளவுதான் முதல் வேலை. பெரும்பாலோர் கவசத்தை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது பிள்ளையை. ஒரு பழைய பனியனைப் போட்டுவிட்டு, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மார்பில் இலேசாகச் சுற்றுங்கள். கழுத்தருகே கொண்டு போகவே கூடாது. அதன்மேல் சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாக ஒட்டி மூடுங்கள். "நல்லா மூச்சு இழு, அப்படியே நில்லு" என்று சொல்லி, அப்போதுதான் கோடு போட வேண்டும். மூச்சை விட்டபோது அளந்த கவசம், வசனம் பேசும்போது பிடிக்கும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி அக்குளைத் தாராளமாக வளைத்துவிடுங்கள். உட்காரச் சொல்லிப் பார்த்து, இடுப்புக்கு மேலேயே நிறுத்துங்கள். பிறகு முனை மழுங்கிய கத்தரிக்கோலால் முதுகுப் பக்கம் வெட்டி எடுத்தால், பிள்ளையின் உடம்பே காகிதத்தில் வந்துவிடும். துண்டுகளாகப் பிரிக்குமுன் கோடுகளின் குறுக்கே சிறு அடையாளங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஓரம் எதனோடு சேரும் என்பது இரவு பதினொரு மணிக்கு நினைவில் நிற்காது.

வெட்டும் கத்தி கூராக இருக்கட்டும். ஃபோம் மிருதுவாகத் தோன்றினாலும் அலகை விரைவில் மழுங்கடித்துவிடும். மழுங்கிய அலகு கிழிக்குமே தவிர வெட்டாது. நான் ஒரு கவசத்துக்குள் ஐந்தாறு முறை அலகை ஒடித்துப் புதுமுனை எடுத்தேன்.

வளைப்பதுதான் வேடிக்கை. சுடுகாற்றுக் கருவி ஒன்று வேண்டும். இரும்புச் சாமான் கடையில் 'ஹீட் கன்' என்று கேட்டால் தருவார்கள். தலைமயிர் உலர்த்தும் கருவியின் சூடு கனமான பாய்க்குப் போதாது. சூடு படும்போது ஃபோமின் மேற்பரப்பு இலேசாகப் பளபளக்கும். உடனே நிறுத்தி, துணியைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்த பானையின் மேல் அழுத்துங்கள். ஆறும்வரை அப்படியே பிடித்தால் வளைவு நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பொங்கல் பானைதான் கர்ணனின் மார்பு! அதிகம் சுட்டால் கருகிக் கெட்ட புகை வரும். இது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது.

ஒட்டுவதற்கு சப்பாத்து தைப்பவர்கள் தடவும் மஞ்சள் பசையே சிறந்தது. இரண்டு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவிவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, பத்து நிமிடமளவு, சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருத்தல்தான் எனக்கு வரவில்லை. ஈரத்திலேயே சேர்த்து அழுத்தினேன். விடிந்ததும் கர்ணன் இரண்டாகக் கிடந்தான். பதம் வந்தபின் சேர்த்தாலோ தொட்ட நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஆகவே அடையாளம் பார்த்து, நடுவிலிருந்து சேர்த்துக்கொண்டே போங்கள். தாய்மார்களே, ஒன்றை மறக்காதீர்கள்: இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், சட்டென்று தீப்பற்றும். வாசல் திண்ணையில் வைத்து ஒட்டுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். துணி முகக்கவசம் தூசியைத் தடுக்குமே ஒழிய இந்த ஆவியைத் தடுக்காது.

சாயத்தை நேராக அடித்தால் ஃபோம் குடித்துவிடும். வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்து மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கறுப்பு அக்ரிலிக் சாயம், அதற்கும் மேல் தங்கநிறம். தங்கத்தைத் தூரிகையிலிருந்து பாதி துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடுவதால் பழைய உலோகம் போலவே தோன்றும். முழுவதும் தங்கமாக அடித்தால் தீபாவளி இனிப்புப் பெட்டி மாதிரி இருக்கும் என்பது என் அபிப்பிராயம். முடிந்த கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். சூட்டில் வளைந்தது சூட்டிலேயே நெளிந்தும் போகும்.

எல்லாம் முடிந்து பேரனுக்குப் போட்டுப் பார்த்தோம். மருமகள் கண் வைத்துவிடுவாள் போலிருந்தது! தோளிலும் இரு விலாவிலும் நீளநீளமாக வெல்க்ரோ பட்டை வைத்திருந்தேன். மேடையில் நழுவிவிடக் கூடாதல்லவா?

ஒத்திகை முடிந்து பையன் வீட்டுக்கு வந்தான். பையைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடவில்லை. இரவில்தான் என்னிடம் வந்து, "தாத்தா, கழட்டவே முடியல. கர்ணனுக்குக் குடுக்க மனசில்லைன்னு எல்லாரும் சிரிச்சாங்க" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழன்று விழாத கவசம் செய்வதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அவன் கழற்றிக் கொடுப்பதற்காக அல்லவா மேடை ஏறுகிறான்!

மறுநாள் எல்லாப் பட்டைகளையும் பிரித்தேன். இடது தோளிலும் இடது விலாவிலும் மட்டும், பையனின் இரண்டு விரல் அகலத்துக்குச் சிறு சதுரங்கள். வலப்பக்கத்தில் எலாஸ்டிக் போட்டு அது தலை வழியே சுழன்று வரும்படி செய்தேன். வெல்க்ரோவின் சொந்தப் பசை வேர்வையில் விட்டுவிடும் என்பதால், அதைச் சிவப்புத் துணியில் தைத்து, அந்தத் துணியை உட்புறம் ஒட்டினேன். வலக்கையால் மார்பின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. பேரன் நாற்பது முறை இழுத்துப் பழகினான். அந்தச் சத்தம் கேட்டுப் பூனை வீட்டை விட்டே போய்விட்டது.

விழா நாளில் முறை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அணிவித்தோம். ஃபோமுக்குள் காற்றுப் புகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் பிள்ளை மயங்கிவிடும். உள்ளே பருத்திப் பனியன், போடுமுன் ஒரு குவளைத் தண்ணீர். மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபோம் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் என்று ஆசிரியையிடம் சொன்னதும், அவரே விளக்கை ஓரத்துக்கு நகர்த்தச் செய்தார்.

இந்திரன் கை நீட்டினான். என் பேரன் ஒரு கணம் நின்று, ஓரத்தைப் பிடித்து இழுத்தான். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் "சர்ர்" என்ற அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கவசம் பிரிந்து, உள்ளிருந்த சிவப்புத் துணி தெரிந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒரு பாட்டி, "ஐயோ, தோலை உரிச்சிக் குடுக்கிறானே பிள்ள!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

குண்டலத்தைக் கழற்ற மட்டும் அவன் மறந்துவிட்டான். இந்திரனும் கேட்கவில்லை.