விக்டோரியா மகாராணி தந்த சீதனம்

மகாராணிகள் தங்கள் பெண்களுக்கு என்ன சீதனம் கொடுப்பார்கள்? வைரம், வைடூரியம், முத்து மாலை என்பீர்கள். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி, தனக்கே தெரியாமல், தம் பெண்கள் இருவருக்கு இன்னொன்றையும் கொடுத்தனுப்பினார். அது ஒரு வியாதி!

காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம். சற்று நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. சிலருக்கு அப்படி எளிதில் நிற்பதில்லை. அடிபடாமலே மூட்டுகளுக்குள் ரத்தம் கசிவதும் உண்டு. இந்த வியாதிக்கு ‘ஹீமோபிலியா’ என்று பெயர். மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு இது இருந்தது. 1884-இல் பிரான்சில் கால் வழுக்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 30.

மகாராணியின் பெண்கள் ஆலிஸும் பீட்ரிஸும் அதை மறைவாகச் சுமந்து சென்றார்கள். ஆலிஸின் மகள் ரஷ்யச் சக்கரவர்த்தினியானாள். 1904-இல் பிறந்த அவளுடைய ஒரே மகன் அலெக்ஸியை வியாதி பற்றியது. பிள்ளை துடிப்பதைப் பார்த்துத் தவித்த அந்தத் தாய், ராஸ்புடின் என்ற சாமியாரைத் தஞ்சம் அடைந்தாள். பீட்ரிஸின் மகள் ஸ்பெயின் தேசத்து ராணியானாள். அவளுடைய பிள்ளைகளில் இருவருக்கும் அதே கதி.

பழி யார் மீது?

நம் உடம்பு எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகளே ‘ஜீன்’கள், அதாவது மரபணுக்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பொருளுக்கான குறிப்பு ‘எக்ஸ்’ என்னும் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழையிருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கோ ஒன்றே ஒன்று. அதுவும் தாய் கொடுப்பது. தாய்மாமனுக்கு இருந்த வியாதி மருமகனுக்கும் வருவது இதனால்தான்.

“பார்த்தாயா, எல்லாம் அவள் பிறந்த வீட்டுச் சீர்!” என்று மருமகளைச் சாடக் கிளம்பிவிடாதீர்கள், மாமியார்மார்களே! எந்த ஜீனைக் கொடுப்பது என்பது எந்தத் தாயின் கையிலும் இல்லை. வியாதியுள்ள தகப்பனும் தன் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பிழையைக் கொடுத்தே தீருவான். தவிர, சுமார் மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலே இது வருகிறது. விக்டோரியாவின் முன்னோரில் இந்த வியாதி இருந்ததாகத் தெரியவில்லை.

பிழையைத் திருத்தலாமா?

குறைகிற பொருளை ஊசி மூலம் அடிக்கடி ஏற்றுவதுதான் பல வருஷங்களாக நடந்துவரும் வைத்தியம். இப்போது ஜீனையே கொடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸை வாகனமாக்கி, நல்ல ஜீனைக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். ‘பி’ வகை ஹீமோபிலியாவுக்கான இத்தகைய மருந்தை 2022-இல் அமெரிக்கா அனுமதித்தது. ராஜ குடும்பத்தைப் பிடித்ததும் அந்த வகைதான். மருந்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்: 35 லட்சம் டாலர்!

அதிகம் பேருக்கு வருவது ‘ஏ’ வகை. அதற்கு நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு முயற்சி நடந்தது. கடுமையான வியாதியுள்ள 5 பேரின் ரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களை எடுத்து, நல்ல ஜீனைச் சேர்த்து, அவர்கள் உடம்பிலேயே திரும்பச் செலுத்தினார்கள். 2024-இல் முடிவு வெளியாயிற்று: சிகிச்சை பலித்தபின், கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. ஐந்து பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் நம்பிக்கை பிறக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது. குணமடைந்தவர் பெறும் பெண் குழந்தைக்குப் பழைய ஜீன்தான் போகும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் அண்ணன் தம்பிக்கோ மாமாவுக்கோ இந்த வியாதி இருந்தால், கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்தின்போதும் அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வியாதியுள்ள பையனுக்கு வலி என்றால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவு அதிகமாகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன் பெண்களில் யார் இதைச் சுமக்கிறாள் என்று அறிய விக்டோரியா மகாராணிக்கு வழியில்லை. நமக்கு அதற்குப் பரிசோதனை இருக்கிறது.