பட்டணத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?



தோட்டத்தில் ஒரு குறை என்றால் போக வேண்டிய இடம் ஒன்றுதான். பிள்ளை பிறந்தாலும், பால்வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்தாலும், வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஆபீஸ் வாசலில் போய் நிற்போம். கிராணியார் எழுதிக்கொள்வார். காய்ச்சல் என்றால் டிரெசர் இருப்பார். நமக்குச் சேர வேண்டியது சரியாகச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் எங்கே போவது என்ற குழப்பம் மட்டும் இருந்ததில்லை.

1980-களிலும் 90-களிலும் சிலாங்கூரில் பல ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. அங்கிருந்து கோலாலம்பூரின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை அதிகம் திகைக்க வைத்தது இந்த மாற்றமே. பட்டணத்தில் வேலைக்கு ஒரு கதவு, பள்ளிக்கு ஒரு கதவு, உதவித் தொகைக்கு இன்னொரு கதவு. நாம் போய்த் தட்டாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது. தட்டும்போது கையில் பத்திரம் இல்லையென்றால் திறந்த கதவும் மூடிக்கொள்ளும்.

ஆகவே, புறப்படுவதற்கு முன் தோட்டத்திலேயே முடிக்க வேண்டிய காரியத்தை முதலில் பார்ப்போம். தோட்டத்தை மூடி ஆட்களை நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டின் தொழில் நீக்க உதவித்தொகை விதிகளின்படி நட்ட ஈடு கொடுத்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேல், இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தைத் தாண்டியவருக்கு இருபது நாள். இருபத்திரண்டு ஆண்டு உழைத்த ஒருவரின் நாள் சம்பளம் 56 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு வர வேண்டியது 24,640 ரிங்கிட். இதை அறியாமல், கையில் கொடுத்த ஐயாயிரத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு லாரியில் சாமான் ஏற்றினால் இழப்பு யாருக்கு? பணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதைக் காட்டும் கடிதமும் பழைய சம்பளச் சீட்டுகளும் அப்போது நமக்காகப் பேசும். பழைய தாள்தானே என்று அவற்றை எரித்துவிடாதீர்கள்.

அடுத்தது அடையாளக் கார்டு. முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மாற்றிவிட வேண்டும். எந்தப் பள்ளி, எந்தச் சமூக நல அலுவலகம், எந்த வாக்குச்சாவடி என்பதெல்லாம் அந்த முகவரியை ஒட்டியவை. தோட்டத்து முகவரியையே பத்தாண்டு சுமந்துகொண்டு, பட்டணத்தில் உதவி கிடைக்கவில்லை என்று வருந்துவோரும் நம்மிடையே உண்டு.

அதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்பது நம் வழக்கம். நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது முடியவில்லை. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயின் வழியாகவே பார்க்கப்படுகிறது. தாயிடம் குடியுரிமை இல்லையென்றால், தகப்பனார் நீலக் கார்டு வைத்திருந்தாலும் அது பிள்ளைக்கு உதவுவதில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்தக் குறை தானாகத் தீர்ந்துவிடாது. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கார்டைக் கேட்பார் இல்லை. பட்டணத்திலோ பரீட்சைக்கும், வங்கிக் கணக்குக்கும், தொழிற்சாலை வேலைக்கும் முதலில் கேட்பதே அதைத்தான்.

பிறப்பை அறுபது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறியிருந்தால் தாமதப் பதிவுக்கு மனுச் செய்யலாம். அதற்குத் தாயின் கிளினிக் கார்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், பிறப்பை அறிந்தவரின் சாட்சியம் போன்றவை உதவும். தோட்டத்தை மூடும்போது இந்தத் தடயங்களும் கலைந்து போகின்றன. மருந்துக் கூடத்துக் கணக்குப் புத்தகத்தைப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் புறப்படும் முன்பே தேடி எடுக்கச் சொல்கிறோம். பதிவு இருந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் மனுச் செய்ய வழியுண்டு. முடிவு வர ஆண்டுகள் ஆகலாம். எனவே பிள்ளை சிறியதாக இருக்கும்போதே தொடங்குங்கள்.

இதற்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பத்திரம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்த்து, பத்திரத்தைத் தேடிக் கொடுக்க அவகாசம் அளிக்கும் முறை 2019 முதல் இருக்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். பிரிக்பீல்ட்சில் விவேகானந்தா, செந்தூலில் தம்புசாமிப் பிள்ளை என்று தலைநகரில் தமிழ்ப்பள்ளிகளுக்குக் குறைவில்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், 1982-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகளை விசாரித்துப் பாருங்கள்.

இனி வேலை. சொக்சோ என்றால் கை கால் முறிந்தால் பணம் தரும் இடம் என்றே பலர் எண்ணுகிறோம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து நேர்ந்தாலும் அங்கே மனுச் செய்யலாம். 2018 முதல் சொக்சோவில் வேலைக் காப்புறுதியும் இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், சந்தாத் தகுதி இருந்தால், ஆறு மாதம் வரை உதவித் தொகை பெறலாம். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. பிறகு படிப்படியாகக் குறையும். அறுபது நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. ஆகவே முதலாளி நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புது வேலை தேடித் தருவதும் சொக்சோவின் பொறுப்பில் உள்ளது. அங்கே பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

தோட்டத்து ஒர்க்ஷாப்பில் இருபது ஆண்டு டிராக்டர் பழுது பார்த்தவர், வெல்டிங் செய்தவர் பட்டணத்தில் கூட்டும் வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது நமக்கு மனம் பொறுப்பதில்லை. சான்றிதழ் இல்லையே என்பார்கள். பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும், கைப்பழக்கத்தையும் அனுபவத்தையும் சோதித்து மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை திறன் மேம்பாட்டு இலாகாவில் உண்டு. செய்த வேலைக்குச் சான்றாகப் படங்களும் தோட்டத்துக் கடிதமும் சேர்த்து வையுங்கள்.

முதியோர், உடற்குறையுள்ளோர், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் ஆகியோருக்குச் சமூக நல இலாகா மாத உதவி வழங்குகிறது. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்த பிறகே முடிவு செய்வார். அவர் வருகிறார் என்பதற்காக இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டாம். கௌரவம் பார்த்து இரவல் நாற்காலி போட்டு உதவியை இழந்தவர்கள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவுக்கு வழியில்லாதவர் மருத்துவ சமூகப் பணிப் பிரிவை நாடலாம்.

எந்த முகப்புக்குப் போனாலும் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகலைக் கொடுங்கள். மனு எண்ணையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். வாசலிலேயே நின்று, "முந்நூறு கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் தரகரிடம் அடையாளக் கார்டை நீட்ட வேண்டாம். மலாய் பேசத் தயங்கும் தாய்மார்கள் படிக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லலாம். வீட்டில் அடி உதை, பிள்ளைக்குக் கொடுமை என்று அவசரம் நேர்ந்தால் 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.