இதுக்கு எவனாவது காசு குடுப்பானா?

பி.காம். படித்தவன் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோட்டோஷாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் வீட்டில் சும்மா விடுவார்களா?

"இதுக்கு எவனாவது காசு குடுப்பானா?" இது மனைவி. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கேட்கவில்லை. கனைத்தார். அதே அர்த்தம்தான்!

நான் தாமஸ் நோல் கதையை எடுத்துவிட்டேன்.

1987. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய மெக்கின்டாஷ் திரைக்குக் கறுப்பு, வெள்ளை தவிர வேறு தெரியாது. புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் வைத்து, நடுவிலே சாம்பல் நிறம் இருக்கிற மாதிரி கண்ணை ஏமாற்ற ஒரு புரோகிராம் எழுதினார். (அப்பா வீட்டிலேயே ஃபோட்டோ கழுவும் இருட்டறை வைத்திருந்தவர். பரம்பரைக் கோளாறு!) 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த லூகாஸின் கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருந்த தம்பி ஜான், "இதையும் சேர், அதையும் சேர்" என்று நச்சரித்தார். விற்கலாம் என்றவரும் அவரே. கொண்டுபோன பல இடங்களில் கையை விரித்தார்கள். 1988-ல் விற்கும் உரிமையை வாங்கிக்கொள்ள அடோபி முடிவு செய்தது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் கடைக்கு வந்தது.

"அவர் சம்பாதிச்சார். நீங்க?" என்றாள் மனைவி.

பதில் சொல்லவில்லை. அப்பாவின் ஒரே ஃபோட்டோ. மழைத் தண்ணீர் பட்டு இடது கண் போயிருந்தது. வலது கண்ணை நகலெடுத்து, திருப்பி வைத்து, நிழல் சரிபண்ண மூன்று ராத்திரி ஆயிற்று. பிரிண்ட்டை அம்மாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மாமனார் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே செல்லரித்த ஒரு கல்யாண ஃபோட்டோ.

"மாப்ளே, அவசரமில்லை... ராத்திரி பாத்தாப் போதும்."