பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கான ஸ்கோப் மவுண்ட்

ஸ்கோப் மவுண்ட் என்பது குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை ரைஃபிளின் மேல் அசையாமல் பிடித்து வைக்கும் உலோகத் தாங்கி ஆகும். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ரைஃபிளின் உடலோடு திருகப்படும் அடித்தளம். மற்றொன்று ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள். இன்று விற்பனைக்கு வரும் போல்ட் ரைஃபிள்கள் பலவற்றில் இதற்கான திருகுத் துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவமைக்கப்பட்ட ரைஃபிள்களில் பெரும்பாலும் அவை இல்லை. இந்தியாவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் லீ-என்ஃபீல்டு குடும்பத்து ரைஃபிள்களோடு தொடர்புடையது.

மலையடிவாரப் பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியுள்ள இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வேட்டை மரபு கொண்ட ஊர்கள். இராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்ற இனம். 2005 இல் அதன் படத்துடன் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. நாயை விட்டு வளைக்கும் வேட்டையில் விலங்கு சில அடி தூரத்தில் இருக்கும். அங்கே ஸ்கோப் உதவாது; அதன் குறுகிய பார்வைப் பரப்பு இடைஞ்சலாகவே இருக்கும். அடர்ந்த காட்டு வேட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஜிம் கார்பெட் பயன்படுத்திய .275 ரிக்பி ரைஃபிளில் இருந்ததும் வெறும் இரும்புக் குறிமுனைதான். செங்குத்துப் பாறைகளில் வாழும் வரையாடு போன்ற விலங்கை எட்ட நின்று குறிவைக்க முயன்றவர்களுக்கே ஸ்கோப் தேவைப்பட்டது.

அந்த வரையாடும் மற்ற காட்டு விலங்குகளும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988 இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021 இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025 இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தபோதும், அந்த வேலை வனத்துறையினரிடமே விடப்பட்டது. எனவே உரிமத்தோடு ஒரு வீட்டில் இருக்கும் பழைய ரைஃபிள் இன்று ஒரு குடும்பச் சொத்து. அதிகம் போனால் சுடுதளத்தில் அட்டையைச் சுடும் கருவி. மவுண்ட் பொருத்துவது பற்றிய முடிவை இதை மனத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஒன்று, உடல் வேறு

வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களில் "லீ-என்ஃபீல்டுக்கான மவுண்ட்" என்று இருப்பது பெரும்பாலும் நான்காம் எண் ரைஃபிளுக்கானது. இந்தியாவில் பொதுமக்களிடம் உள்ளது பெரும்பாலும் அது அல்ல. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை விதித்தது. அதைச் சமாளிக்க பி.எஸ்.ஏ. நிறுவனம் அதே வகை ரைஃபிளை .315 அளவில் செய்தது. இந்தத் தோட்டா ஆஸ்திரியாவின் 8×50 மான்லிச்சர் தோட்டாவின் வழிவந்தது. விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் ஈஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை .315 ரைஃபிளைத் தொடர்ந்து தயாரித்தது. அதன் உடல் முதலாம் எண் ரைஃபிளின் வழியில் வந்தது. ரிசீவர் எனப்படும் இந்த உடற்பகுதியில்தான் போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நான்காம் எண்ணில் ரிசீவரின் இடப்பக்கச் சுவர் தட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். தகட்டை ஒட்டித் திருக அது ஏற்ற இடம். பின்பக்கக் குறி ரிசீவரின் பின்முனையில், கண்ணுக்கு அருகே ஓர் ஊசியால் பிடிக்கப்பட்டிருக்கும். துளை போடாமல் பொருத்தும் மவுண்ட்கள் அந்த ஊசித் துளையைப் பயன்படுத்திக் கொள்கின்றன. முதலாம் எண்ணில் பின்குறி ரிசீவரில் இல்லை, குழலின் மேல் இருக்கிறது. ஊசித் துளை இல்லாததால் அந்த மவுண்டுக்குப் பிடிமானமும் இல்லை. இடச்சுவரும் வளைந்தது. "லீ-என்ஃபீல்டு" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிய மவுண்ட் .315 ரைஃபிளின் மேல் உட்காராமல் போவதற்கு இதுவே காரணம். ஈஷாபூர் செய்த 7.62 மி.மீ. 2ஏ1 ரைஃபிளும் இந்த வகையில் முதலாம் எண்ணின் தம்பிதான்.

சில மவுண்ட்கள் தோட்டா எறிவானுக்கான சிறு திருகின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லீ-என்ஃபீல்டில் இடச்சுவர் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தத் திருகில் முட்டித்தான் காலித் தோட்டா வெளியே தெறிக்கிறது. மவுண்டோடு வரும் திருகு ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் காலித் தோட்டா உள்ளேயே தங்கிவிடும். நீளமாக இருந்தால் போல்ட் ஓடாது.

அளவுகள்

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை: ரிசீவர் மேற்புறத்தின் வளைவு, முன் வளையத்துக்கும் பின்பாலத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, ஏற்கெனவே துளை இருந்தால் அவற்றின் இடைவெளியும் மரையும். பிரிட்டிஷ் மரைக்கு அமெரிக்கத் திருகு இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும். பொருந்திவிட்டதாகத் தோன்றும், நான்கைந்து முறை சுட்டதும் கழன்றுவிடும்.

ஸ்கோப்பின் குழாய் அளவும் ஒன்றல்ல. இன்று பரவலாக உள்ளவை 25.4 மி.மீ., 30 மி.மீ. ஆகியவை. பழைய ஜெர்மன் ஸ்கோப்புகள் 26 மி.மீ.; பழைய அமெரிக்க ஸ்கோப்புகளில் முக்கால் அங்குலமும் ஏழெட்டில் அங்குலமும் உண்டு. 25.4 மி.மீ. வளையத்தில் 26 மி.மீ. குழாயை அழுத்தி இறுக்கினால் குழாய் நசுங்கும். தண்டவாளம் போன்ற அடித்தளங்களிலும் இதே குழப்பம் உள்ளது. பிக்காட்டினி தண்டவாளத்தின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் பள்ளம் 4.57 மி.மீ. ஆகவே வீவர் வளையம் பிக்காட்டினியில் பெரும்பாலும் உட்காரும். பிக்காட்டினி வளையம் வீவரில் உட்காராது.

சிறு பிசகு எவ்வளவு பெரிதாகும் என்பதை எளிய கணக்கில் காணலாம். இரு வளையங்களுக்கும் இடையே 100 மி.மீ. இருக்கிறது, பின்வளையம் 0.1 மி.மீ. மட்டும் உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. 100 மீட்டர் தூரத்தில் அது 10 செ.மீ. விலகலாகிவிடும். கையால் அரத்தில் ராவிப் பொருத்திய பழைய ரிசீவர்களில் இந்த அளவு வேறுபாடு சாதாரணம்.

குற்றம் எப்போதும் மவுண்டின் மேல் இருப்பதுமில்லை. முதலாம் எண் ரைஃபிளின் முன்கட்டை ரிசீவரையும் குழலையும் நெருக்கமாகத் தழுவியிருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பினால் குழலை ஒரு பக்கம் தள்ளும். சித்திரையில் சரியாகக் குறி வைத்த ரைஃபிள் கார்த்திகையில் வேறிடத்தில் சுட்டால், மவுண்டைக் கழற்றும் முன் கட்டையைப் பார்ப்பது நல்லது.

படைகள் கண்ட வழி

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை முதலாம் எண் ரைஃபிளின் இடப்புறமாக ஸ்கோப்பைத் தள்ளி வைத்தது. தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து செருக இடம் வேண்டும் என்பது காரணம். பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் உள்ள சிறு துளை வழியாகச் சுடுபவருக்கு இது பெருந்தொல்லை: குழலுக்குத் துளை இருந்தால் ஸ்கோப்புக்குத் துளை இருக்காது. வேட்டைக்காரராக இருந்து படைக்குப் போன ஹெஸ்கத்-பிரிச்சர்ட் இதைக் கடுமையாகக் குறை கூறினார். ஒதுங்கிய ஸ்கோப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது 5 செ.மீ. இடப்புறம் இருந்து, 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டால், 200 மீட்டரில் குண்டு 5 செ.மீ. இடப்புறம் விலகும்.

இரண்டாம் உலகப் போரில் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் நன்றாகச் சுடும் நான்காம் எண் ரைஃபிள்களுக்கு ஸ்கோப் பொருத்தித் தந்தது. நான்காம் எண் (டி) எனப்படும் இவற்றில் தட்டையான இடச்சுவரில் இரண்டு எஃகுத் தகடுகள் பதிக்கப்பட்டன. அவற்றில் மவுண்ட் இரண்டு பெரிய கைத்திருகுகளால் இறுக்கப்பட்டது. 32 ஆம் எண் ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே வந்தது. கண் உயர்ந்துவிட்டதால் கட்டையின் மேல் மரத்தால் ஒரு கன்னத்தாங்கியும் திருகப்பட்டது. மவுண்டில் அந்த ரைஃபிளின் எண்ணும், ரைஃபிளின் கட்டையில் அந்த ஸ்கோப்பின் எண்ணும் பொறிக்கப்பட்டன. ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு, ஒரே ஆண்டு என்றாலும் ஒன்றின் மவுண்ட் மற்றொன்றுக்குச் சரியாக வராது என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. எண் பொருந்தாத தொகுப்புகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் குறைத்தே மதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை முதலாம் எண்ணிலேயே கனத்த குழலோடு ஸ்கோப் பொருத்தியது. முதலாம் எண்ணில் இது முடியும், ஆனால் தொழிற்சாலை வேலை தேவை என்பதற்கு அதுவே சான்று.

துளை போடுவதும் சட்டமும்

நூற்பாலை இயந்திரங்களுக்குப் பாகம் செய்துதரும் லேத் பட்டறைகள் நிறைந்த இராஜபாளையத்தில் நான்கு துளை போட்டு மரை வெட்டுவது அரைமணி நேர வேலை. ஆனால் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் அதற்கான உரிமம் பெற்றவருக்கே அனுமதி உண்டு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதை மீறுவதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் வரை நீளக்கூடும். பட்டறைக்காரர் உதவியாக நினைத்துச் செய்யும் வேலை அவரையே சிறையில் தள்ளலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. குடும்ப வழியில் வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும்.

உரிமம் பெற்ற கைவினைஞரே செய்தாலும் துளையை மீண்டும் அடைக்க வழியில்லை. பழைய ரிசீவரின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. துரப்பண முனை வழுக்கித் துளை மையம் விலகுவது உண்டு. முன் வளையத்தில் துளை ஆழமானால் குழல் மரைக்கு அருகே உலோகம் மெலிந்துவிடும். துளை போடாமல் பொருத்த விரும்புபவர்களுக்கு, குழலின் மேல் உள்ள பின்குறியின் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும் மவுண்ட் ஒரு வழி. அதில் ஸ்கோப் கண்ணிலிருந்து வெகுதூரம் முன்னால் போய்விடும். ஆகவே நீண்ட கண் இடைவெளி கொண்ட, உருப்பெருக்கம் குறைந்த தனி வகை ஸ்கோப்தான் அதற்கு ஏற்றது. கழற்றினால் ரைஃபிள் பழையபடியே இருக்கும்.